யாழினி சேராத பள்ளிக்கூடம்

சரவணா,

நீயும் ரேவதியும் யாழினியும் சாமான் வண்டியில் ஏறி மண்ணாடிப்பட்டுப் பக்கம் குடிபோன அன்றைக்கு நான் வாசலில் நின்று கை காட்டினேன். நீயும் காட்டினாய். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்து, அம்மாவும் பிள்ளையும் நல்லபடியாகத்தான் பிரிகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கம்பெனியை அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள், பாகூரிலிருந்து தினமும் போய்வர முடியாது என்று நீ எல்லோரிடமும் சொன்னது பொய்யில்லை. ஆனால் இதே தூரத்தை முன்பு பைக்கில் போய்வந்தவன்தானே நீ, மழையிலும் வெயிலிலும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாயே, அதுதான் உண்மைக் காரணம். "யாழினிய அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துட்டேன்மா. அங்க இருக்கற டீச்சருங்க யாரும் எனக்கு அம்மா இல்ல. தடுக்க மாட்டாங்க." இத்தனை வருடமாக வாயால் பிழைத்தவள் நான். அன்றைக்குக் கையை மட்டும் ஆட்டினேன்.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் கடலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு எங்கள் பள்ளியை இணைத்துவிடலாமா என்று கேட்க மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார். இணைத்தால் நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, அவர்களெல்லாம் எப்போதோ தனியார் பள்ளி வேன் ஏறிவிட்டார்கள். காலனிப் பிள்ளைகள்தான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸும் லாரியும் பறக்கிற அந்த ரோட்டைத் தினமும் இரண்டு வேளை தாண்டிப் போக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள். கூட்டத்தில் தலைமை ஆசிரியை என்று நான் எழுந்து பேச வேண்டும். எழுந்து பேசினால் பழக்கதோஷத்தில் அழகாக ஏதாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதி வைத்து வாசிக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதாக எழுதினால்தான் எனக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே என் பொய்யை நீதானே முதலில் கண்டுபிடிப்பாய்.

கூட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும், உனக்குப் பாதிதான் தெரியும். ஏப்ரல் கடைசியில் நாங்கள் டீச்சர்கள் வீடு வீடாகப் போனோம். மற்ற ஊர்களில் பேனர் பிடித்துக்கொண்டு, மைக்கில் கத்திக்கொண்டு போவார்கள். நான் தட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், அதோடு ஒரு பென்சில், ஒரு சிலேட்டு. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளிக்குத் தாருங்கள்" என்று தட்டை நீட்டுவது. எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் கொடுப்பதும் நிலம் கொடுப்பதும் அப்படித்தான். அது தெரிந்தேதான் அந்த யோசனையைச் சொன்னேன். வெயிலில் அலைந்ததில் எனக்குக் கால் வீங்கியது. அதைக்கூட வீட்டில் வந்து பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

காலனித் தெருவில் கௌரி என்று ஒரு பெண். பேக்கிங் கம்பெனியில் ஒப்பந்த வேலை, புருஷன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். உன் அப்பா உயிரோடு இருந்தபோது கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிட அந்தத் தெரு முனைவரைக்கும் போய் வண்டியை நிறுத்திக் குரல் கொடுப்பார், இறங்க மாட்டார். அந்தத் தெருவுக்குள்ளேதான் நான் தட்டோடு போனேன். கௌரியின் மகள் தர்ஷினி அப்போது தனியார் பள்ளியில் யுகேஜி முடித்திருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நம் பள்ளியும் இப்போது சிபிஎஸ்இதான், புத்தகம் இலவசம், யூனிஃபார்ம் இலவசம், மதியம் சாப்பாடு, பிற்பாடு டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தனி ஒதுக்கீடு. எல்லாம் கேட்டுவிட்டு கௌரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், உங்க வூட்டுப் பாப்பா எங்க படிக்கப் போவுது?"

அந்த வாரம்தான் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "யாழினிய ஒண்ணாவதுக்கு உன் பள்ளிக்கூடத்துலயே சேக்கலாம்மா" என்று சொல்லியிருந்தாய். நான் ரசம் ஊற்றினேன். உன்னைத் தடுத்துவிட வேண்டும் என்று மனதில் அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கௌரி கேட்டவுடன் கொஞ்சமும் தயங்காமல், "எங்க பள்ளிக்கூடத்துலதான். என் பிள்ளையே சொல்லிட்டான்" என்றேன். உன் நல்ல மனதை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினேன். கௌரி கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாங்கினாள். பக்கத்து வீடுகளில் நின்றிருந்த இரண்டு மூன்று பேரும், "பெரிய டீச்சர் வூட்டுப் பொண்ணே அங்கதான் வருதாம்" என்று வாங்கினார்கள். திரும்பி வரும்போது என்னோடு வந்த புது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க" என்று கண் கலங்கினாள். நானும் ஆமாம் என்கிற மாதிரி நடந்து வந்தேன். எப்படிப்பட்ட அழுத்தக்காரி பார் உன் அம்மா.

அதற்கப்புறம் நம் வீட்டில் நடந்த சண்டை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. ஒரே டீச்சர் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு மாரடிக்கிறாள், பாத்ரூமில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை, ஒருத்திக்கும் இங்கிலீஷ் பேச வராது என்று அடுக்கினேன். நீ ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். தண்ணீர் வரவில்லையென்றால் மோட்டாரைச் சரிசெய்யச் சொல்லலாம், நானும் வருகிறேன் என்றாய். இங்கிலீஷ் ரேவதி வீட்டில் சொல்லித் தருவாள் என்றாய். காரணமெல்லாம் தீர்ந்துபோய் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்தப் பிள்ளைங்களோட ஒக்காந்தா இவளுக்கு இன்னாடா வரும்?" என்று கத்திவிட்டேன். நீ தட்டிலிருந்து கையை எடுத்தாய். "எந்தப் பிள்ளைங்கம்மா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எந்தப் பிள்ளைகள் என்று இப்போது சொல்கிறேன், சரவணா. நான் கை பிடித்து 'அ' எழுத வைத்த பிள்ளைகள். அவர்களின் அம்மாக்களுக்கும் அப்படியே எழுத வைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சளி பிடித்தால் என் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன், அது நடிப்பில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் என் பேத்தி உட்காருவதை நினைத்தால் எனக்குள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. பள்ளிக்கூடம் மோசம் என்று நான் சொன்னதெல்லாம் அதை மூடுகிற துணி. இந்த இடத்தை சனிக்கிழமை வாசிக்கும்போது எனக்குக் குரல் போகலாம். போனாலும் தண்ணீர் குடித்துவிட்டு வாசிப்பேன். அவர்கள் எழுந்து போனால் போகட்டும்.

உன்னை நான் எங்கே படிக்க வைத்தேன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விடியும்போதே உன்னைக் கிளப்பி டவுன் கான்வென்ட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவேன். நீ கண்டக்டர் சீட்டில் சாய்ந்து தூங்குவாய். உனக்கு ஏதாவது கூட்டம் என்றால் நான் என் வகுப்புப் பிள்ளைகளை மதியமே விளையாட விட்டுவிட்டு ஓடுவேன். ஒருமுறை உங்கள் பள்ளிக்கு மட்டும் லீவு. உன்னை என்னோடு கூட்டிப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கழித்தல் கணக்கு நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, நீ இவ்ளோ நல்லா சொல்லித் தர. அப்பறம் ஏன் நான் மட்டும் தூரமா போறேன்?" என்றாய். "அது அப்படித்தான், வாய மூடிட்டு நட" என்றேன். அன்றைக்கு நீ கேட்டதைத்தான் இந்த மே மாதம் உன் மகளுக்காக மறுபடியும் கேட்டாய். என்னிடம் இரண்டு தடவையும் ஒரே பதில்தான் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பாடத்திட்டம் மாறிப் புத்தகமெல்லாம் இங்கிலீஷில் வந்தபோது எனக்குப் பயம். இந்த வயதில் போய் பயிற்சியில் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து விழிக்க வேண்டுமா என்று முட்டிவலி சொல்லித் தப்பித்தேன். வகுப்பில் கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் அழகாக எழுதினார்கள், படிக்கத்தான் வரவில்லை. அது என் வகுப்பு. பக்கத்து அறையில் புது டீச்சர் ஒன்றாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக உட்கார வைத்து, பாட்டு மாதிரி எழுத்துகளின் ஒலியைச் சொல்லிக் கொடுக்கிறாள், அந்தப் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு திரிகிறார்கள். சுவர் ஒன்றுதான் நடுவில். எனக்கு அது காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. என் வகுப்பை மனதில் வைத்துக்கொண்டு முழுப் பள்ளியையும் மோசம் என்றேன். நீ கடைசியாக ஒன்று சொன்னாய், "உங்க பள்ளிக்கூடத்து மேல நம்பிக்கை இல்லாத ஒரே ஆளு நீதாம்மா" என்று. எனக்கு அதுதான் ஆகவே இல்லை. மறுநாள் நீ ஷிப்டுக்குப் போனபிறகு ரேவதியை மிரட்டிக் கூட்டிக்கொண்டு போய் யாழினியைத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். அந்தப் பெண்மேல் நீ கோபித்துக்கொண்டாயாமே. அவள் என்ன செய்வாள், என் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்.

பள்ளி திறந்தது. தனியார் பள்ளி வேன் எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. காலையில் கேட் பக்கத்தில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறேன், கௌரி தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், எதிரில் வேன் வந்து நிற்கிறது. ஜன்னலிலிருந்து யாழினி, "பாட்டி" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டுகிறாள். சின்னக் குழந்தை, பாட்டியைப் பார்த்த சந்தோஷம். நான் கை ஆட்டவில்லை. திரும்பி யாரோ ஒரு பையனின் பட்டனைச் சரி செய்வதாகக் குனிந்துகொண்டேன். கௌரி வேனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம். "பாப்பா நல்லாகீது டீச்சர். ஷூலாம் போட்டுக்கினு" என்று சொல்லிவிட்டு மகளை உள்ளே அனுப்பினாள்.

யாழினி அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், பாட்டி என்னைப் பார்க்கவே இல்லை என்று. அன்றையிலிருந்துதான் நீ வீடு தேட ஆரம்பித்தாய், சரிதானே.

கௌரியோடு சேர்ந்து வெற்றிலை வாங்கிய மற்றவர்கள் அந்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தர் வந்து நேராகவே சொன்னார், "உங்க வூட்டுக்கு ஆகாதது எங்க வூட்டுக்கு மட்டும் எப்டி டீச்சர் ஆவும்?" அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை குறைந்துபோய் இணைப்புப் பேச்சு வந்தது. அதிகாரி கேட்டபோது, கிராமத்தில் பிறப்பு குறைந்துவிட்டது, தனியார் மோகம் அதிகமாகிவிட்டது என்று நான் வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை அவர் முன்னால்தான் இதையும் வாசிப்பேன்.

நீ அங்கே யாழினியைச் சேர்த்திருக்கிற பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், அம்மாவாக இல்லை, எங்கெங்கே ஏமாற்ற முடியும் என்று தெரிந்த டீச்சராகச் சொல்கிறேன். முதலில் அவர்கள் டிவி மாட்டிய வகுப்பைத்தான் காட்டுவார்கள். நீ பாத்ரூமைக் காட்டச் சொல். யாழினியின் நோட்டு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதே, அவளை எந்தப் பக்கத்திலாவது நடுவிலிருந்து வாசிக்கச் சொல். மதியம் ஒரு நாள் சொல்லாமல் போய், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார். யாராவது பிரித்து உட்கார வைத்தால் அங்கேயே கேள். பெற்றோர் குழுவில் சேர்ந்துகொள், ஆனால் உன் மகளை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கப் போகாதே, நம்மைப் போன்றவர்கள் அதைத்தான் முதலில் கேட்போம். நன்றாகச் சொல்லித்தருகிற டீச்சர் யாராவது இருந்தால் போய் ஒரு வார்த்தை சொல். எங்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. நான்கூட பக்கத்து அறைப் பெண்ணிடம் இதுவரை சொல்லவில்லை, நாளைக்குச் சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு வைத்துவிட்டேன். கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து கௌரி இதைக் கேட்கக்கூடாது, அவளிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நேற்று பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேலையிலிருந்து வந்து குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன் கௌரி, என் பேத்தியை நான்தான் வரவிடாமல் செய்தேன், வெற்றிலை வாங்கிய ஒரே காரணத்துக்காக வாக்கு மாறாமல் நீ மட்டும் உன் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறாய், உன் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கௌரி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வெத்தலைக்காகலாம் இல்ல டீச்சர்" என்றாள். "அந்த ஸ்கூல்ல ஃபீஸ் கட்டல, பாப்பாவ வெளிய நிக்க வெச்சிட்டாங்க. இனிமே எங்க சேக்கறதுன்னு நின்னப்பதான் நீங்க வந்தீங்க. நீங்க உங்க பாப்பாவ சேத்தாலும் சேக்கலன்னாலும் நான் அங்கதான் சேத்திருப்பேன்."

"அப்ப என்கிட்ட ஏன் அதக் கேட்டே?" என்றேன்.

"சும்மா, இன்னா சொல்றீங்கன்னு பாக்கதான்."

என் பொய்யை நம்பித்தான் அவள் பிள்ளையைக் கொடுத்தாள் என்று இத்தனை நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை நம்பவே இல்லை. நம்புகிற மாதிரி நான் என்றைக்கு நடந்திருக்கிறேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, கையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு ரெண்டு பள்ளிக்கூடம் கீது டீச்சர், ஒண்ணு வேல பாக்க, ஒண்ணு புள்ளைய சேக்க. எங்களுக்கு இது ஒண்ணுதான். கூட்டத்துல நீங்க அழுவறதுன்னா அழுவுங்க, உண்மைய சொல்றதுன்னாலும் சொல்லுங்க. சொல்லிட்டு இத மூட வேணாம்னும் சொல்லிட்டு ஒக்காருங்க."

சனிக்கிழமை காலை கூட்டம். நீ வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். மூட வேண்டாம் என்று அவள் சொன்ன கடைசி வார்த்தையைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அம்மா